பத்துக்குப் பத்து

வரலாற்று வகுப்பில் முதல் வாரமே சொல்லிவிடுவார்கள்: அடிப்படைக் காரணங்கள் வேறு, உடனடிக் காரணம் வேறு. முதல் உலகப் போருக்குக் காரணம் சரயேவோவில் சுட்ட குண்டு என்று ஒற்றை வரி எழுதிவிட்டு வந்தால், விருதுநகர் மாவட்டத்தில் எந்தக் கல்லூரியிலும் பத்துக்கு ஒன்றுதான் விழும்.

இதே மாவட்டத்தில் பட்டாசு ஆலை வெடித்தால் மட்டும் "மருந்துக் கலவையில் உராய்வு" என்று ஒற்றை வரி போதும். பத்துக்குப் பத்து! முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று ஏறத்தாழ 40 பேர் பலி. சின்னகாமன்பட்டியில் 2025 ஜூலை 1 வெடிப்பில் குறைந்தது 9 பேர். இடையில் எத்தனையோ ஊர்கள். எங்கே வெடித்தாலும் மறுநாள் பேப்பரில் உராய்வுதான் குற்றவாளி. பாவம், அதற்கு வக்கீல் வைக்க வசதியில்லை.

ஒரு ரூமுக்கு நாலு பேர் என்பது விதி. உள்ளே எத்தனை பேர் என்பதைத் தீர்மானிப்பது தீபாவளி ஆர்டர். உரிமம் ஒருத்தர் பெயரில், உள்குத்தகை இன்னொருத்தருக்கு, அவரிடமிருந்து ரூம் ரூமாக வேறு பலருக்கு. பீஸ் ரேட் என்பதால் கை நிதானிக்காது. மீந்த மருந்தை அழித்தால் நஷ்டம். அதனால் அது ராத்திரி அங்கேயே தங்கும். இதெல்லாம் அடிப்படைக் காரணங்களாம். யாருக்கு வேண்டும்?

1917இல் பெட்ரோகிராடின் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கியதும் ஜார் ஆட்சி கவிழ்ந்தது. இது ஐந்து மதிப்பெண் கேள்வி. லீவு நாளில் பயர் ஆபீஸுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, போய் செமஸ்டர் ஃபீஸ் சம்பாதிக்கும் பெண் இதை நன்றாகவே எழுதுவாள். நகக்கண்ணில் அப்பிய அலுமினியப் பொடிதான் சோப்புக்கு மசியாது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் ஆலை வெடித்துச் செத்த இருபதுக்கும் மேற்பட்டவர்களில் ஒரு கல்லூரி மாணவியும் உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் குழு அமைத்து விசாரித்தது. செத்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் என்றது. தலைக்கு ரேட் நிர்ணயமானது. ரூமுக்கு நாலு பேர் என்பதுதான் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

சர்வாதிகாரம் பற்றிய பாடத்தில் செர்னோபிலையும் சொல்லித் தரலாம். 1986இல் அணு உலை வெடித்தது. சோவியத் அரசு முதலில் மறைத்தது. பிறகு பழியை ஊழியர்கள் தலையில் கட்டியது. என்ன அராஜகம் என்று நம் பிள்ளைகள் பக்கம் பக்கமாகத் தீட்டுவார்கள். ஆனால் அந்தக் கல்நெஞ்சக்காரர்கள் மறுவருடமே அணுமின் நிலைய இயக்குநருக்குப் பத்தாண்டு சிறை போட்டார்கள். நம் ஜனநாயகத்துக்கு அவ்வளவு கொடூரம் வராது. இங்கே முதலில் போர்மேன் கைது. முதலாளி தலைமறைவு. தனிப்படை மூலைக்கு மூலை தேடும். தனிப்படைக்கு முன்னால் முன்ஜாமீன் அவரைக் கண்டுபிடித்துவிடும்.