சாஆ வட்டாரப் பழைய வீராவில் ஐடல் ஏற்றமும் இறக்கமும்: ஓர் உரைவிளக்கம்

யோங் பெங்கிலிருந்து லாபிஸ் போகும் ஒன்றாம் எண் கூட்டரசு சாலையில் சாஆவைக் கடப்போர் செம்பனையைத்தான் காண்பர். ஆய்வாளன் காண்பது வேறு. ஒட்டுக்கடை முன்னே இஞ்சினை அணைக்காமல் நிறுத்திய பழைய புரோட்டோன் வீராவுக்குள், டேஷ்போர்டில் நடுங்கும் பிள்ளையார். வீரா 1993இல் வெளிவந்து 2009 வரை உற்பத்தியில் இருந்தது. அதன் விலை பேசியோர் பலர். ஐடலை முறைப்படி ஆராய்ந்தோர், யாம் அறிந்தவரை, இலர்.

ஐடலாவது யாதெனின், எண்ணெய் மிதியில் கால் இல்லாதபோதும் இஞ்சின் அணையாமல் சுற்றும் வேகம். சூடேறிய 1.5 லிட்டர் வீராவுக்கு அது நிமிடத்துக்கு 750 சுற்றை ஒட்டியது. ஆர்பிஎம் மீட்டர் இல்லாதோர் பிள்ளையாரை நோக்குக. அவர் அசையாதிருந்தால் நலம். துதிக்கை மட்டும் மங்கலாகத் தெரிந்தால் 600. ஒட்டிய பசையை விட்டு நகரத் தொடங்கினால் இஞ்சின் மவுண்டிங்கும் போயிற்று என்க. அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பால்.

“ஏர்கோன் போட்டா காடி செத்துடுது அண்ணே, ஐடல் கொஞ்சம் ஏத்திக் கொடுங்க” என்று பட்டறைக்கு வருவோரும், கேட்டதும் ஸ்குரூடிரைவரை எடுப்போரும் திருகாணிச் சாரார். இவர்தம் மதம் 1985இன் முதல் புரோட்டோன் சாகா காலத்தது. கார்புரேட்டரில் திருகாணி திராட்டில் தகட்டையே சற்றுத் திறந்து பிடித்தது. திருகினால் ஏறும், தளர்த்தினால் இறங்கும். அங்கே அவர்கள் சொன்னது வேதம்.

அற்றன்று, பிந்திய வீராக்களில் இஞ்செக்‌ஷன் என்பர் அழுக்குச் சாரார். தகடு மூடியிருக்கையில் காற்று ஒரு பக்கவழியாக நுழைகிறது. அவ்வழியைத் திறந்து மூடுவது சிறு மோட்டார். அதை ஆட்டுவது கணினி. ஏர்கோன் கம்ப்ரசருக்கு வேண்டிய காற்றைக் கூட்டுவதும், அதற்கேற்ற எண்ணெயை அளப்பதும் கணினியே. நாம் பக்கவழித் திருகாணியைத் திறந்தால் கணினி அந்த அளவுக்கு மோட்டாரால் அடைக்கும். மனிதன் திறக்க, கணினி மூட, இருவரும் மாலைவரை உழைத்து அதே 750இல் நிற்பர்.

பின் ஏன் இறங்குகிறது எனின், அழுக்கால். இஞ்சின் ஆயிலின் ஆவி பக்கவழியிலும் தகட்டின் விளிம்பிலும் தார்போலப் படிகிறது. மோட்டார் எட்டியமட்டும் திறந்தும் காற்று போதவில்லை. கம்ப்ரசர் ஒட்டியதும் பிள்ளையார் நடனம். ஸ்பிரே அடித்துத் துடைத்தால் பெரும்பாலும் தீர்ந்தது.

திருகாணி வீணோ எனின், வீணன்று. இஞ்சினை 80 டிகிரிக்கு மேல் சூடேற்றி, ஏர்கோனையும் விளக்கையும் அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, உரிய வயர்களை எர்த் செய்து, கணினி மோட்டாரை ஆட்டாதபடி நிறுத்திய பிறகே திருக வேண்டும். இவ்வளவும் செய்வோரை யாம் வணங்குவோம்; கண்டால்.

தொடவே கூடாத ஆணி ஒன்றும் உண்டு. தகடு முட்டி நிற்கும் அது, ஆலையில் அளந்து வைத்தது. அதை உள்ளே திருகினால், காலை எடுத்த பின்னும் மிதி மிதித்தே இருப்பதாகக் கணினி நம்பி, ஐடலைக் காக்கும் வேலையைக் கைவிடும்.

ஆகவே சாஆப் பெருமக்களே, முதலில் திராட்டிலைக் கழுவுங்கள். கை பொறுக்கவே இல்லையென்றால், திருகாணி முன்பு நின்ற இடத்தில் வீட்டம்மாவின் நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டுக்கொண்டு திருகுங்கள்.