ஈறில் கிருமி வளர்ப்பது எப்படி?

மாடித்தோட்டத்துக்கு மாடி இல்லை, மீன்தொட்டிக்குக் காசில்லை என்று ஏங்குகிறவர்கள் வாயிலேயே பண்ணை வைக்கலாம். முதலீடு, கொஞ்சம் சோம்பல்.

ஜாதிக் கிருமி வேண்டுமென்றால் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். பெயரை ஒரு தடவை சொன்னாலே பாதி வாய் கொப்பளித்த மாதிரி. காற்று ஆகாத பிராணி என்பதால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கில்தான் குடியிருக்கும். நல்ல ஈறில் அந்த இடுக்கு 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. நமக்கு 5, 6 என்று ஆழப்பட வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் ரொம்ப வேண்டாம். டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர் 1965-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள்! மூன்றே வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கிவிட்டது. திரும்பத் துலக்கியதும் ஒரு வாரத்தில் வற்றியும் போனது. அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள்.

துலக்காமல் இருக்க மனசு கேட்காதவர்கள் பேஸ்டை நம்பலாம். விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் முழுக்கப் பிதுக்குங்கள் (பட்டாணி அளவே போதும் என்பது கஞ்சர்கள் பேச்சு). அரை நிமிஷம் நுரை தள்ளித் துப்பிவிடுங்கள். ஆய்வகத் தட்டில் பேஸ்ட் கிருமியைக் கொல்வது நிஜம்தான். அது கையைக் கட்டிப்போட்ட எதிரியோடு சண்டை. வாயிலோ கிருமிகள் பிசினுக்குள் கூட்டுக்குடும்பமாக இருக்கின்றன, பேஸ்ட் எச்சிலில் கரைந்து போகிறது, ஆழமான இடுக்குக்குள் நுரை எட்டிப் பார்ப்பதே இல்லை.

அதற்காக எல்லா பேஸ்டும் சாது என்று நினைத்துவிடக் கூடாது. டிரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லி கலந்தவை பற்படலத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்ததாக 2013-இல் காக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு சொன்னது. நல்லவேளை, பிறகு தயாரிப்பாளர்களே அதைக் கைவிட்டார்கள். ஸ்டானஸ் ஃப்ளோரைடு இன்னும் இருக்கிறது. வெள்ளீய உப்பு, பித்தளை அண்டாவுக்குப் பூசுகிற அதே ஈயத்தின் உறவு. ஈறு வீக்கத்தைக் குறைக்கும், எனவே அட்டையைப் படித்து ஒதுக்கவும். அதைவிட மோசமான எதிரி, ஈறு ஓரத்தில் பிரஷைச் சாய்த்துப் பிடித்து இரண்டு நிமிஷம் மெதுவாகத் தேய்க்கிறவர். அவர் கையில் வெறும் பிரஷ் இருந்தாலும் பண்ணை தேறாது.

துப்பும்போது ரத்தம் வந்தால் அறுவடை நெருங்குகிறது. அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் காறை எடுக்கக் கூப்பிட்டால், "க்ளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும்" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். பல்செட்டைக் கழற்றித் தம்ளரில் போட்டுவிட்டுத்தான் அவர் அதைச் சொன்னார்.