ஒரு விரலில் ரெண்டு ஓரகத்தி

லா கூர்நெவ், பாரீஸ் பக்கம்
சித்திரை 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? போன தடவை அனுப்பிய தைலம் முழங்காலுக்குத்தான், மாட்டுக்குத் தடவ அல்ல என்று அவரிடம் சொல்.

போனில் பேசினால் நீ பாதியிலேயே "அடப்பாவி" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் மடித்து வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்காமல் உனக்குத் தூக்கம் வராது.

விஷயம் மோதிரம்தான். என் சின்ன மகளுக்கு அந்த வெள்ளைக்கார மாப்பிள்ளை ஏற்கெனவே ஒரு மோதிரம் போட்டுவிட்டானே, பிறகு இன்னொன்று எதற்கு என்று கேட்டாய். முதலில் போட்டது நிச்சயதார்த்த மோதிரம், கல் வைத்தது. கல்யாணத்தன்று மாற்றிக்கொள்வது வேறு. கல் கிடையாது, வெறும் வளையம். அதற்குப் பிரெஞ்சில் பெயர் அலியான்ஸ். "அலியான்ஸா? பாண்டியில பிரெஞ்சு கத்துக்குடுக்குற எடம்தானே, அதுக்கு எதுக்குடா தங்கம்?" என்று நீ கேட்டதைச் சின்னவளிடம் சொன்னேன். இரண்டு நாள் சிரித்தாள். அந்த அலியான்ஸும் இந்த அலியான்ஸும் ஒரே வார்த்தைதான் அக்கா. உடன்படிக்கை என்று அர்த்தம்.

இரண்டையும் ஒரே விரலில் போடுவார்கள். அதுவும் இடது கை மோதிர விரலில். "நல்ல காரியத்துக்குப் பீச்சாங்கையா?" என்று நீ கத்துவது நிரவி வரைக்கும் கேட்கும் என்று தெரியும். ஒரு லாபம் சொல்கிறேன், மனசை ஆற்றிக்கொள். சோற்றுக்கையில் போட்டால் கல்லுக்கடியில் மீன்குழம்பு ஏறி உட்கார்ந்துகொள்ளும். இடது கையில் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் ஒரு விரலில் இரண்டு மோதிரம் என்பது ஒரு அடுப்படியில் இரண்டு ஓரகத்தி மாதிரி. வெளியிலிருந்து பார்க்க ஜோராக இருக்கும். உள்ளே யார் யாரை இடிக்கிறார்கள் என்பது விரலுக்குத்தான் தெரியும். மூத்த ஓரகத்தி, மாப்பிள்ளையின் பாட்டி போட்டிருந்த கல் மோதிரம். மஞ்சள் தங்க வளையம், மேலே வெள்ளைக் கிண்ணத்தில் ஒற்றைக்கல் வைரம். அந்தக் கிண்ணம் விரலோடு படிந்து அகலமாக உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் நேர் மோதிரத்தை வைத்தால் ஒட்டாது. நடுவில் ஒரு நெல் நுழைகிற சந்து விழும்.

பாட்டி வைரம் என்று சம்பந்தியம்மா நிமிஷத்துக்கொரு தரம் பெருமை பேசினார். நானும் விடவில்லை. 1700-களின் ஆரம்பம் வரைக்கும் உலகத்துக்கு வைரம் போனதெல்லாம் பெரும்பாலும் எங்கள் ஊர்ப்பக்கமிருந்துதான் என்றேன். லூவர் மியூசியத்தில் இவர்கள் கொண்டாடுகிற ரெஜான் வைரம் கோல்கொண்டாப் பக்கம் தோண்டியது. மதராஸ் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட் வாங்கி, 1717-ல் இந்த ஊர் ராஜப்பிரதிநிதிக்கு விற்றான். ஆகக்கூடி உங்கள் பாட்டி மோதிரத்திலும் எங்களுக்கு ஒரு பாத்தியதை உண்டு என்று முடித்தேன். அந்தம்மா காப்பி ஊற்றிக் கொடுத்தார். சர்க்கரை போடவில்லை.

முதலில் லா ஷப்பேல் போனோம். தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. புடவை, முருங்கைக்காய், இருபத்திரண்டு கேரட், எல்லாம் அடுத்தடுத்த வாசலில். நகைக்கடையில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். இவள் மோதிரத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, எங்கட பவுன் மெதுவானது, இது பதினெட்டு, இறுகினது. ரெண்டையும் ஒண்டா விட்டா கொஞ்ச வருஷத்தில எங்கடதை அது தேய்ச்சுப்போடும்" என்றார். வியாபாரத்தை விட்டு உண்மை சொன்ன மனுஷர். அவர் கையால் ஒரு மூக்குத்தியாவது வாங்கவேண்டும் என்று வாங்கினேன். உனக்குத்தான்.

உனக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும். நாம் 916 என்று முத்திரை பார்க்கிறோமே, அது நூற்றில் தொண்ணூற்றொன்றரைக்குக் கொஞ்சம் மேலே தங்கம். இங்கே வழக்கம் பதினெட்டு, நூற்றுக்கு எழுபத்தைந்து. பாக்கி வெள்ளியும் செம்பும். 1838-லிருந்து அதற்குக் கழுகுத் தலை முத்திரை குத்துகிறார்கள். பூதக்கண்ணாடியில் எனக்கும் காட்டினார்கள். நிரவிப் பெருமாளின் கருடன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அடுத்து பெரிய பிரெஞ்சுக் கடை. பெயர் வேண்டாம். வாசலில் மணி அடித்தால் உள்ளிருந்து பார்த்துத் திறக்கிறார்கள். நான் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். "இது எத்தனை கிராம்?" அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், மகள் தரையைப் பார்த்தாள். இங்கே மோதிரத்துக்கு விலை உண்டு, எடை கேட்கிற பழக்கம் இல்லை. இன்றைக்கு என்ன ரேட், செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவீதம், கல் எடை கழித்தீர்களா, ஒன்றும் இல்லை. ஒரு சீட்டில் ஒரு தொகை. பேரம் பேச நூல்முனை கூடக் கிடைக்கவில்லை. காரைக்காலில் ஒரு தோடு வாங்க நீ மூன்று மணி நேரம் உட்கார்ந்து, ரெண்டு கலர் குடித்து, எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வருவாயே, அந்தக் கலையெல்லாம் இந்த ஊரில் பாழ்.

வளைந்த மோதிரம் ஒன்று காட்டினார்கள். கிண்ணத்தைச் சுற்றி இடுப்பு ஒடித்துப் போகிறது. பாட்டி மோதிரத்தோடு போட்டால் அச்சாகப் பொருந்துகிறது. தனியாகக் கழற்றி வைத்தால் பஸ் ஏறி நசுங்கின கரண்டி. அப்புறம் சுற்றிலும் பொடிக்கல் பதித்த ஒன்று. அதில் இரண்டு வில்லங்கம். சுற்று முழுக்கக் கல் இருப்பதால் பின்னால் விரல் பருத்தால் அறுத்துப் பெரிதாக்க இடமில்லை. நம் வம்சத்தில் பருக்காத விரல் உண்டா? இன்னொன்று, பக்கத்து மோதிரத்தின் தங்கத்தை அந்தக் கல் அறுத்துக்கொண்டே இருக்கும். கடைசியாக, இரண்டையும் ஒன்றாகப் பற்றவைத்துவிடலாம் என்றார்கள். ஓரகத்திகளைக் கட்டிப்போட்டால் சண்டை தீருமா? வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

தீர்ப்புச் சொன்னது மாப்பிள்ளையின் பாட்டி. தொண்ணூறு தாண்டிவிட்டது. ஞாயிறு சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், இடது கையை மேசைமேல் நீட்டினார். வெறும் அலியான்ஸ். தேய்ந்து தேய்ந்து நூல் மாதிரி ஆகியிருந்தது. "கல் மோதிரத்தைக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போட்டேன், மற்ற நாளெல்லாம் பீரோவில் இருந்தது" என்றார். சின்னவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். காரில் ஏறும்போதே முடிவாகிவிட்டது: நேர் மோதிரம், வெளியே அரைவட்டம், உள்ளே தட்டை, தனியாகவே வாழத் தெரிந்தது. சந்து இருந்தால் இருக்கட்டும்.

இப்போதுதான் உன்னிடம் வருகிறேன். அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் மஞ்சள் துணியில் முடிந்த கோழிக்காசு ஒன்று இருக்கிறதே, தாத்தா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்து கொண்டுவந்தது. ஒரு பக்கம் பொம்பளைத் தலை, மறுபக்கம் சேவல். அது இருபது பிராங்க் நெப்போலியன் காசு. எடை 6.45 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு தங்கம். அதாவது சொக்கத் தங்கம் 5.8 கிராம். அதை நம் ஊர்ப் பத்தர் உருக்கி, வெள்ளி சேர்த்துப் பதினெட்டுக்கு இறக்கினால் ஏழே முக்கால் கிராம் வரும். சின்னவள் மோதிரத்துக்கு மூன்று, மாப்பிள்ளை மோதிரத்துக்கு நாலரை, மிச்சம் கால் கிராம் பத்தரின் சேதாரம். கணக்கு எப்படி? பிரான்சில் அடித்து, சைகோன் பார்த்து, நம் ஊர் விழிதியூரில் மஞ்சள் துணியில் தூங்கின காசு.

பத்தரிடம் பக்குவமாகச் சொல். நல்ல தங்கத்தில் வெள்ளியைக் கொட்டச் சொல்கிறான் என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கெடுக்குறதுக்கா நான் பட்டறை வச்சிருக்கேன்?" என்பார். தேய்மானத்துக்காக என்று சொல். கேட்காவிட்டால், வெள்ளைக்காரனுக்குத்தான் என்று சொல். உடனே செய்துவிடுவார். மாங்கனித் திருவிழாவுக்கு இங்கிருந்து வருகிற நம்மாட்கள் ஆகஸ்ட் கடைசியில் திரும்புகிறார்கள். அவர்கள் கையில் கொடுத்து அனுப்பு. பார்சலில் போட்டுத் தொலைத்துவிடாதே.

முகூர்த்தம் ஐப்பசியில், ஞாயிறு காலை ஆறு முதல் ஏழரை. மேரியில், அதாவது நகராட்சியில், கல்யாணம் முந்தின நாள் சனிக்கிழமை. சர்க்கார் கல்யாணம் முடியாமல் ஐயரோ பாதிரியோ தொடக்கூடாது என்பது இங்கே சட்டம். ஒரே நாளில் வைத்தால் மேர் மூவர்ணப் பட்டை கட்டிக்கொண்டு பதினொரு மணிக்கு வருவார், ராகுகாலம் எமகண்டம் எதுவும் அவர் கொம்யூனில் கிடையாது. மோதிரம் மாற்றச் சட்டத்தில் கட்டாயமில்லையாம், "வீ" (ஆமாம்) சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும். நாம் மாற்றத்தான் போகிறோம்.

குடத்துக்குள் மோதிரம் போட்டு எடுக்கிற சடங்கைச் சொன்னதும் சம்பந்தியம்மா பயந்துபோனார். பாட்டி வைரத்தைத் தண்ணீரில் போடுவோம் என்று நினைத்துவிட்டார். வேறு மோதிரம்தான் என்று சமாதானம் சொன்னேன். மாப்பிள்ளை இப்போதே வாளியில் கையை விட்டுப் பழகுகிறான்.

உள்பக்கம் எழுத்துப் பொறிப்பது இங்கே வழக்கம். இவள் பேரும் தேதியும் வேண்டாம், "விழிதியூர்" என்று தமிழில் வேண்டும் என்கிறாள். இந்தத் தாளின் பின்பக்கம் அவளே எழுதியிருக்கிறாள். ழகரத்துக்கு வால் கொஞ்சம் நீண்டு பல்லி மாதிரி ஆகிவிட்டது. பத்தர் திருத்த வருவார். விடாதே, அப்படியே வெட்டச் சொல்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

உன் தம்பி.

பி.கு.: இவள் விரல் அளவு இங்கே 52, சுற்றளவு மில்லிமீட்டரில். நம்ம ஊர்க் கணக்கில் அது 12. மறந்துபோய்ப் பத்தரிடம் 52 என்று சொல்லிவிடாதே. ஒரு காசு போதாது, காசுமாலையையும் கொண்டுவா என்பார்.