ஆம்புலன்ஸுக்குப் பின்னால் ஒரு போன்

கேள்வி: அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு ஆம்புலன்ஸ் செலவை அரசே ஏற்கிறதாமே! கொடுத்துவைத்தவர்கள்தானே?

பதில்: ஏற்கிறது, ஆனால் ஏகப்பட்ட நிபந்தனைகளோடு! நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தனியார் மருத்துவமனைக்குப் போனால், சிகிச்சை தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் படைவீரர் நலத்துறைக்குத் தகவல் போயாக வேண்டும். (நல்லவேளை, மருத்துவமனையே சொன்னாலும் போதும்.) இல்லாவிட்டால் பில் யார் தலையில் விழும் என்று தனி யுத்தம். களத்தில் எதிரி துப்பாக்கியோடு நின்றான். இங்கே படிவத்தோடு நிற்கிறான்!

ஹெலிகாப்டரில் தூக்கிப்போனால் பில் பல்லாயிரம் டாலர். 'முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டத்தின் கட்டணக் கணக்குப்படிதான் தருவேன்' என்று 2023இல் துறை விதி போட்டது. 'அந்தக் காசுக்குப் பறக்க முடியாது, கிராமத்துத் தளங்களை மூட வேண்டியதுதான்' என்று ஹெலிகாப்டர் நிறுவனங்கள் கொதித்தன. விதி அமலுக்கு வருவது தள்ளிப்போடப்பட்டது. அரசாங்க விதிகளுக்கு மட்டும் அவசர ஊர்தி கிடையாது!

ஒன்றை மனதாரப் பாராட்டலாம். 2023 ஜனவரி முதல், தற்கொலை எண்ணத்தில் தவிக்கும் முன்னாள் வீரர் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அவசர சிகிச்சை இலவசம். ஆம்புலன்ஸ் செலவும் அதில் அடக்கம். பெரும்பாலோருக்கு, நலத்துறையில் முன்பே பதிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.