பொறவு அண்ணாச்சி

கடையநல்லூரில் எங்கள் டீக்கடைக்கு ஒரு ‘பொறவு அண்ணாச்சி’ உண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. புழக்கத்தில் இருப்பது ஊர் வைத்த பெயர். எதைக் கேட்டாலும், “பொறவு பாத்துக்கிடுவோம்” என்பார்.

அவரைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து பந்திப் பாய் உதறுபவர் அவர்தான். அடுத்தவர் பையனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸ் வாசலில் காலை எட்டு மணிக்கே நிற்பவரும் அவர்தான். தன் வேலை என்று வரும்போதுதான் பொறவு.

அந்த வேலையும் ஒன்றே ஒன்று. கடையநல்லூர் வரலாற்றை எழுதுவது.

இதற்காக 2008 வாக்கில் கோடு போட்ட 200 பக்க நோட்டு ஒன்று வாங்கினார். நோட்டு வந்ததும் மேசை இல்லாதது தெரிந்தது. ஆசாரியை வரவழைத்து வேப்பம்பலகையில் மேசை செய்தார். கிழக்கே பார்த்துப் போட்டார், காலை வெயில் கண்ணில் அடித்தது. வடக்கே திருப்பினார், பக்கத்து வீட்டு டிவி காதில் அடித்தது. கடைசியில் மேசையின் மேல் இட்லிப் பானை ஏறியது.

செய்வதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ, அவ்வளவுக்கும் வேலை நீண்டுகொள்ளும் என்று 1955-இல் எழுதினார் பார்க்கின்சன். அப்போது அவர் சிங்கப்பூரில், மலாயா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். அங்கிருந்து கப்பலேறி நம் ஊருக்கு வந்திருந்தால் விதியைத் திருத்தியிருப்பார். அண்ணாச்சியிடம் வேலை நீளவில்லை, ஏற்பாடுதான் நீண்டது.

வருடத்தில் எழுதத் தோதான மாதம் எது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் இங்கேயும் எட்டிப் பார்க்கும், நோட்டு நமுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரண்டு இருக்காது. மார்கழிப் பனி நெஞ்சில் கட்டும். பங்குனி, சித்திரையில் மனுசன் எழுதுவானா?

ஒருமுறை ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போய்வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தபடி சொன்னார்: “அரியும் அரனும் ஒண்ணுன்னு பாக்க கோமதியம்மனே தபசு இருக்க வேண்டியிருந்துச்சு. நம்ம புஸ்தகத்துக்கு மட்டும் என்ன தம்பி அவசரம்?” அம்பாள் ஒற்றைக் காலில் நின்றாள். அண்ணாச்சி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அவருடைய பெரிய வெற்றிகள் எல்லாம் எழுதாததால் கிடைத்தவை. ஊர் வழியாகப் போகும் கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலைக்கு முன்பு எண் 208. பிறகு அது 744 ஆனது. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாகி, கடையநல்லூர் திருநெல்வேலியை விட்டுப் பிரிந்தது. அன்று அண்ணாச்சி கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். “அன்னைக்கே எழுதியிருந்தா இன்னைக்கு அம்புட்டையும் அடிச்சுத் திருத்தணும்லா! எனக்குத் தெரியும் தம்பி, அதான் எழுதல.”

நானும் விடவில்லை. “பிழைக்கப் போன இடத்துல நம்ம ஊர்க்காரங்க 1941-லயே சிங்கப்பூர்ல கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஆரம்பிச்சாங்க அண்ணாச்சி. உலகப் போர் முடிஞ்சது 1945. அடுத்த வருசமே அங்க உமறுப் புலவர் பேருல தமிழ்ப் பள்ளிக்கூடம் திறந்துட்டாங்க. அவங்க ‘பொறவு’ன்னு சொல்லலையே?”

“அது மூணாவது அத்தியாயத்துல வருது” என்றார், முதல் அத்தியாயமே இல்லாத புத்தகத்தின் ஆசிரியர். சற்று யோசித்துவிட்டு, “அந்த உமறுப் புலவரே சீறாப்புராணத்த முழுசா முடிக்கலியாம், தெரியுமா?” என்றார்.

“5,000 பாட்டுக்கு மேல எழுதிட்டுல்லா நிறுத்தினாரு!”

அண்ணாச்சி டீ கிளாஸுக்குள் பார்த்தார்.

மூலைப் பெஞ்சில் ஒரு பெரியவர் இருந்தார். ஐம்பது வருடம் குழித்தறியில் லுங்கி நெய்தவர். அதுவரை வாயைத் திறக்காதவர் கேட்டார்: “எதுக்குவே எழுத மாட்டேங்கீரு?”

“மனசு வரணும்லா அண்ணாச்சி.” முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது. “நோட்டத் திறந்தாலே ஒரு பயம். தப்பா எழுதிட்டா ஊரு சிரிக்கும்.”

“நான் என்னைக்குவே மனசு வந்து தறியில இறங்கினேன்? விடியக்காலம் முதல்ல காலு குழிக்குள்ள இறங்கும். நாலு தடவ மிதிப்பேன், நாடா அங்கிட்டும் இங்கிட்டும் ஓடும். மனசு பொறவு வரும்வே.”

பெஞ்சு அமைதியானது. தன் சொல்லை இன்னொருவர் இப்படிப் பயன்படுத்தி அண்ணாச்சி கேட்டதில்லை. இத்தனை வருடம் அவர் மனதை முன்னால் வைத்து வேலையைப் பொறவு என்றார். பெரியவர் வேலையை முன்னால் வைத்து மனதைப் பொறவு என்றார். சொல் ஒன்றுதான், வைத்த இடம்தான் வேறு.

மறுநாள் காலை இட்லிப் பானை மேசையிலிருந்து இறங்கியது. அவர் எழுதிய முதல் வரி: ‘கடையநல்லூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது.’ ஏன் இந்த வரி என்று கேட்டேன்.

“மலைய எந்த அரசாங்கமும் வேற மாவட்டத்துக்கு மாத்தித் தூக்கிட்டுப் போக முடியாதுல்லா தம்பி.”

நேற்றுவரை நாலு பக்கம் ஆகியிருக்கிறது. எழுத்து கோணல். இரண்டாம் பக்கத்தில் ஒரு தப்பும் இருக்கிறது. பொறவு திருத்திக்கொள்ளலாம்.