29 நிமிட இடி

கேள்வி: ஸ்லேயர் என்ற மெட்டல் இசைக்குழுவின் 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பம் மொத்தமே 29 நிமிடம்தானாமே! காசு கொடுத்து வாங்கியவர்கள் சண்டைக்கு வரவில்லையா?

பதில்: எப்படி வருவார்கள்? கேசட்டின் ஒரு பக்கத்திலேயே பத்துப் பாட்டும் அடங்கிவிட்டதால், மறுபக்கத்திலும் அதையே பதிந்து கொடுத்தார்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்!

1986-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவான ஆல்பம் இது. தயாரிப்பாளர் ரிக் ரூபின் அதுவரை ராப் இசையில் பெயர் எடுத்தவர். கிடார் மேல் படிந்திருந்த எதிரொலியை அவர் சுத்தமாக வழித்தெடுத்தார். அதனால்தான் கெர்ரி கிங், ஜெஃப் ஹன்னமன் கிடார்களின் ஒவ்வொரு வெட்டும், டேவ் லொம்பார்டோவின் ஒவ்வொரு டிரம்ஸ் அடியும் அத்தனை வேகத்திலும் தனித்தனியாகக் கேட்கின்றன.

முதல் பாட்டு, நாஜி மருத்துவர் மெங்கலேயின் கொடூரங்களைப் பற்றியது. அதைக் கேட்டு மிரண்ட கொலம்பியா நிறுவனம், ஆல்பத்தை விநியோகிக்க மறுத்தது. கெஃபன் நிறுவனம்தான் கடைக்குக் கொண்டுவந்தது. பின்னால் வந்த டெத் மெட்டல் குழுக்கள் பலவற்றுக்கும் இதுதான் அரிச்சுவடி.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. ஒருமுறை கேட்டுப் பாருங்கள், முடிந்ததும் கை தானாகவே கேசட்டைத் திருப்பிப் போடும்!