பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்

வீரசோழன் ஆட்டுச் சந்தையில் யார் எந்தக் கிடாயை வாங்கப் போகிறார் என்று கண்டுபிடிப்பது எளிது. எதை அதிகம் குறை சொல்கிறாரோ அதைத்தான் வாங்குவார். பல்லைப் பிடித்துப் பார்த்து வயசாகிவிட்டது என்பார், இடுப்பை அமுக்கிப் பார்த்து எலும்புதான் இருக்கிறது என்பார். வேண்டாத ஆட்டை மட்டும் "நல்ல ஆடுதான்" என்று வாழ்த்திவிட்டுத் தாண்டிப் போவார். அருப்புக்கோட்டைக்கு பஸ் பிடித்துப் போய்ப் படம் பார்த்துவிட்டு, மறுநாள் டீக்கடை பெஞ்சில் தீர்ப்பு வழங்கும் நம் ரசிகரும் இந்தச் சந்தையில் வளர்ந்தவர்தான். நரிக்குடி, திருச்சுழி, அபிராமம் என்று எங்கே பெஞ்சு கிடந்தாலும் அதில் ஒருவர் இருப்பார். விவரம் தெரியாத வெளியூர்க்காரர் அவர் பேச்சைக் கேட்டால், தமிழில் பார்க்கத்தக்க படமே வருவதில்லை என்று நம்பிவிடுவார். அவர் என்ன திட்டுகிறார் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் திட்டுகிறார் என்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

2024-இல் வந்த படங்களையே வைத்துப் பார்க்கலாம். பேயும் சிரிப்புமாக வந்த 'அரண்மனை 4' எப்படி என்று கேட்டால், "பரவால்லண்ணே" என்பார். அத்தோடு சரி, அந்தப் பேச்சு மறுபடி எழாது. 'மகாராஜா'வுக்கோ ஒரு டீ போதாது. "குப்பைத்தொட்டியக் காணோம்னு ஸ்டேஷனுக்கு வர்றான். கண்டுபிடிக்க லட்சக்கணக்குல தாரேங்கிறான். சலூன் கடையில அம்புட்டா வருது?" என்று வரவு செலவு பார்ப்பார். 'லப்பர் பந்து' என்றால், "மாமனார அவுட்டாக்கிட்டுப் போய் பொண்ணு கேட்டா எவன் குடுப்பான்?" என்பார். 'மெய்யழகன்' அவரை உண்மையிலேயே படுத்தியிருக்கிறது. "உம் பேரென்னப்பான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா இடைவேளைக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்திருக்கலாம். தண்ணி கெடக்குற ஊரு, விடிய விடியப் பேசத்தான் செய்வாங்க." படம் வெளியான பிறகு நீளம் கருதிப் பதினெட்டு நிமிடம் போல வெட்டினார்கள் என்று தெரிந்ததும் நியாயமாக அவர் மகிழ்ந்திருக்க வேண்டும். அதையும் ஒரு குறையாகச் சேர்த்துக்கொண்டார்: "நல்ல எடத்தப் பூரா வெட்டிட்டாய்ங்க!" 'கொட்டுக்காளி'க்குத்தான் வசவு அதிகம். பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை, முடிவும் இல்லை. கருவேலங்காட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோ போவதை நம் ஊரிலேயே சும்மா பார்க்கலாமே என்பார். சொன்ன கையோடு, வழி மறித்து நிற்கும் காளையை ஒரு சின்னப் பிள்ளை வந்து ஓட்டிப் போகும் காட்சியை ஒன்று விடாமல் நடித்தும் காட்டுவார். பிடிக்காத படத்தை யாரும் இப்படி மனப்பாடம் செய்வதில்லை.

விலையைக் குறைக்கத்தானே ஆட்டில் குறை சொல்கிறார்கள், டிக்கெட்டுக்குத்தான் முதலிலேயே காசு கொடுத்தாயிற்றே, இனி யாரிடம் பேரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒப்பிட்ட இடத்தில் பாதி இடிக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சந்தையில் வாங்குபவர், விற்பவர் தவிர மூன்றாவதாக ஒருவர் உண்டு, தரகர். நம்மவருக்குப் பொருத்தமான வேலை அதுதான். "நல்ல படம்" என்று சொன்னால் பெஞ்சில் இருப்பவர்கள் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். "மாமனார அவுட்டாக்குறான்" என்று சொன்னால்தான் இரண்டு பேருக்குக் கோபம் வந்து, இவர் சொன்னது பொய் என்று நிரூபிக்க அடுத்த பஸ்ஸில் அருப்புக்கோட்டை போவார்கள். கமிஷன் வாங்காத தரகர் என்பதால் இந்த உபகாரம் அவருக்கே தெரியாது. 1977-இல் எம்.ஜி.ஆரை அருப்புக்கோட்டையில் ஜெயிக்கவைத்து முதலமைச்சராக்கிய தாத்தாக்கள் இப்படியா குறை கண்டார்கள் என்று பெரியவர்கள் வருத்தப்படுவதுண்டு. தாத்தாக்கள் நடிகரை நம்பினார்கள். பேரன் கதையைப் பார்க்கிறார், கணக்கு உதைத்தால் கேட்கிறார். இதில் குலம் கெட்டுப்போக ஒன்றுமில்லை.

படத்தைக் கெடுப்பதே இந்த மாதிரி வாய்கள்தான் என்பது தயாரிப்பாளர்களின் வழக்கு. 2024 நவம்பரில் 'கங்குவா' வந்த சூட்டில், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்கள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்கத் தடை வேண்டும் என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று கேட்டுக்கொண்டது. வீரசோழன் பெஞ்சு எந்தத் தியேட்டர் வளாகத்திலும் இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மைக்கை நீட்டினால் நம்மவர் எச்சில் விழுங்கி "சூப்பர் சார், ஃபேமிலியோட பாக்கலாம்" என்றுதான் சொல்வார். அந்தச் சான்றிதழை நம்பி வீரசோழனிலிருந்து ஒருவர்கூட பஸ் ஏறமாட்டார்.